அறுபது மாத்திரையில் ஒரு பாட்டு

கடைசி வரியில் ஒரு மாத்திரை மிச்சமாக இருந்தது.

அர்த்தனாரி காலையிலிருந்து மூன்று தடவை எண்ணிவிட்டான். விரலை மடக்கி எண்ணினான். தீக்குச்சியை அடுக்கி எண்ணினான். சாமை அரிசியை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாக நகர்த்தியும் எண்ணினான். அறுபத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தைந்து இருந்தது. அந்த உபரி எந்தச் சுரத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் காய்ச்சல்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் சர்க்கார் திறந்து வைத்திருந்த காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கம்பவுண்டர். டாக்டர் என்று ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, குளிருவதற்குள் இறங்கிவிடுவார். மற்ற நாளெல்லாம் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெரிய சீசாவிலிருந்து கொயினாத் தண்ணியை ஊற்றிக் கொடுப்பது அர்த்தனாரியின் வேலை. கசப்பான அந்தக் கொயினா தபாலாபீசில்கூட விலைக்குக் கிடைக்கும்; கூடுதலாகத் தின்றால் காது அடைத்துவிடும். முப்பத்தாறாம் வருஷத்தில் கொல்லிமலையில் நடுங்காதவர்கள் குறைவுதான். இருந்தாலும் மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். அதற்கப்புறம் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நேரம் பூராவும் பாவாயி ஞாபகம்தான்.

பாவாயி அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. அதில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இருபத்தொரு நாள். இருபத்திரண்டாம் நாள் மலைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மாமனார் கந்தப்பன் அடிவாரத்தில் சொந்தக் காட்டில் சோளமும் கடலையும் வெள்ளாமை வைக்கிறவர். அவர் மகளை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மலையின் பேரிலேயே கொல்லி இருக்கிறது, வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். மாப்பிள்ளை கீழே மாற்றலாகி வரட்டும், அதுவரை பெண் இங்கேயே இருக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு.

அவர் சொன்னதில் அர்த்தனாரிக்கு வருத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர் அப்படித்தான் சொல்வார். பாவாயி ஒன்றும் சொல்லவில்லையே என்பதுதான் அவனை அரித்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து, "ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டு வார்த்தையையும் அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசையாகச் சொன்னாளா, வழிப்போக்கனுக்குச் சொல்கிற மாதிரி மரியாதைக்குச் சொன்னாளா என்று இன்னும் தெரிந்தபாடில்லை.

கடிதத்தில் கேட்கலாம் என்றால் வருகிற கடிதத்தையெல்லாம் மாமனார் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். போகிற கடிதத்தையும் படிப்பார். அதனால் பாவாயியின் கடிதங்களில் மழையும் எருமையும் மட்டும் இருந்தன. நேரில் கேட்கலாம் என்றால் அவளெதிரில் போய் நின்றதும் அர்த்தனாரியின் நாக்கு சொன்னபடி கேட்காது. அப்படிப்பட்டவனுக்கு வேறென்ன வழி இருக்கிறது? பாட்டுக் கட்ட ஆரம்பித்தான்.

கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து வாங்கிய ஹார்மோனியம் ஒன்று அவனிடம் இருந்தது. மலை ஈரத்தில் அதன் கட்டைகள் ஊறிப்போய் ச, ரி, க, ம நான்கு மட்டும்தான் பேசின. ப-வை அழுத்தினால் பெருமூச்சு வந்தது. அர்த்தனாரி அதற்காக மனம் தளரவில்லை. தன்னிடமும் அதிகம் வார்த்தை இல்லை, பெட்டியிடமும் அதிகம் சுரம் இல்லை, இரண்டுக்கும் பொருத்தம்தான் என்று எடுத்துக்கொண்டான்.

சேலத்தில் வாங்கிய ஒரு சங்கீதப் புத்தகமும் இருந்தது. அதில் முக்கால் பாகத்தைக் கறையான் படித்துவிட்டிருந்தது. மிஞ்சிய ஏட்டில் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: சுரத்தின் நீளத்தை அளப்பது மாத்திரை. கை நொடிக்கும் பொழுது ஒரு மாத்திரை. நான்கு மாத்திரை சேர்ந்தது ஒரு கட்டம். கட்டத்தில் ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் பாட்டு நொண்டும்.

அர்த்தனாரி பதினாறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு நாலாகச் சுரத்தைப் பிரித்து உட்காரவைத்தான். எழுதும்போது சரியாக இருந்தது. வாசித்தால்தான் நொண்டியது. காரணம் மெதுவாகத்தான் பிடிபட்டது. நொடிப்பது அவன் கை. பாவாயி ஞாபகம் வராதபோது அது சுறுசுறுப்பாக நொடித்தது. ஞாபகம் வந்தால் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் ஒரு ஆள் வெற்றிலை போட்டுவிட்டு வரலாம். கடைசி வரியில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் வரும். அங்கே சுரம் நீண்டு, ஒன்று இரண்டாகி, கணக்கு கெட்டுவிடும்.

ஆக, தன் ஏக்கம் ஒட்டாத வேறொரு அளவு வேண்டும் என்று தீர்மானித்தான். இனிமேல் நடந்த கஷ்டத்துக்கெல்லாம் இந்தத் தீர்மானம்தான் மூலகாரணம்.

முதலில் நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு வாசித்தான். அது ஓடுகிற ஓட்டத்துக்குப் பாட்டு காட்டுப்பன்றி துரத்த ஓடுகிறவன் மாதிரி மூச்சிரைத்தது. பெண்டாட்டியை வா என்று அழைக்கிற பாட்டு அப்படி இருந்தால் எவள் வருவாள்? கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டான்.

அடுத்தபடியாக ஆஸ்பத்திரிக்கு எதிர் வாசலில் ராமாயியும் பாப்பாத்தியும் சாமை குத்துகிற சத்தம் அவன் காதில் விழுந்தது. ஒரே உரலில் இரண்டு உலக்கை. ஒருத்தி இறக்கினால் மற்றவள் தூக்குவாள். பிசகே கிடையாது. அர்த்தனாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். நீங்கள் பாட்டுக்குக் குத்துங்கள், நான் பாட்டுக்கு வாசிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டான். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

இரண்டு கட்டம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் அர்த்தனாரிக்குப் பாவாயி ஞாபகம் வந்து சுரத்தை இழுத்தான். கம்பவுண்டர் முடிக்கட்டும் என்று ராமாயி உலக்கையை அந்தரத்தில் நிறுத்தினாள். உலக்கை இன்னும் விழவில்லையே என்று அர்த்தனாரி சுரத்தை விடாமல் பிடித்தான். இவர் விடவில்லையே என்று பாப்பாத்தியும் தூக்கியபடி நின்றாள். ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. உரலில் சாமை அப்படியே இருந்தது.

கடைசியில் ராமாயிதான் கைவலி தாங்காமல் சொன்னாள். "ஏனுங்க கம்பவுண்டரே, நாங்க ஒங்களுக்குத் தாளம் போடறமா, இல்ல நீங்க இழுக்கற வரைக்கும் ஒலக்கையத் தூக்கிட்டு நிக்கறமா? ஊட்ல ஒல வெச்சது வத்திப்போச்சுங்க."

அன்று அந்த இரண்டு வீட்டிலும் களி கிண்டவில்லை. காட்டிலிருந்து பசியோடு வந்த ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில், அர்த்தனாரி பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

ஆனாலும் பாவாயியை விட முடியவில்லையே. யாருக்காகவும் நிற்காத, யார் இழுத்தாலும் இழுபடாத ஒரு தாளம் எங்கே இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் செங்கோடன் வந்தான்.

செங்கோடன் மிளகுக் கொடியும் மரவள்ளிக் காடும் வைத்திருந்த நடுவயசுக்காரன். அந்த நாட்டிலேயே காய்ச்சல் தொடாத உடம்பு அவனுடையது. கம்பவுண்டருக்கு ஒரு படி மிளகு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நல்லெண்ணத்தில் வந்தவனை அர்த்தனாரி பெஞ்சில் உட்காரவைத்தான். கையை நீட்டச் சொன்னான். நாடியைத் தொட்டதும் அவனுக்குப் புல்லரித்தது. நிதானமாக, அழுத்தமாக, ஒன்றுக்கொன்று ஒரு இம்மி பிசகாமல் அது அடித்தது. இத்தனை நாள் தேடிய தாளம் ஒரு மிளகுக்காரனின் மணிக்கட்டில் இருந்தது.

பெட்டிக்கு ஒரு கை, துருத்திக்கு ஒரு கை, நாடிக்கு மூன்றாம் கை இல்லை. அதனால் அர்த்தனாரி கண்ணை மூடிக்கொண்டு பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். கடைசி வரி வந்ததும் வழக்கம்போல முகம் வாடியது. தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

"இழுத்துக்கிட்டே போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "கடைசியில ஒண்ணைக் கழிச்சாத்தான் சரியா வரும்."

செங்கோடனுக்கு வேர்த்தது. இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களைப் பற்றி அவனுக்குத் தெரியும். கழிப்பது நாளையா, மாதத்தையா, வருஷத்தையா என்று கேட்கவும் பயமாக இருந்தது. பயத்தில் நாடி குதித்தது. நாடி குதித்ததும் பாட்டு தறிகெட்டு ஓடியது. அர்த்தனாரி கண்ணைத் திறக்காமலே, அவசரப்பட வேண்டாம், இருக்கிற வரைக்கும் நிதானமாக இருக்கட்டும் என்று கனிவாகச் சொன்னான். அதைக் கேட்டபின் செங்கோடனின் நாடியை ஆண்டவனாலும் எண்ணியிருக்க முடியாது.

வெளியே தண்ணீருக்குப் போன யாரோ இதைப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். கால் நாழிகையில் செங்கோடனின் மனைவி அத்தாயி தலையிலடித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே தம்பி அண்ணாமலை வந்தான். அதற்கும் பின்னால் ஊரே வந்தது. அரப்பளீசுவரருக்கு ஒரு வேண்டுதல், மாசி பெரியசாமிக்கு ஒரு கிடா என்று அத்தாயி வாசலிலேயே நேர்ந்துகொண்டாள். செங்கோடன் தம்பியைக் கிட்டே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். போகிற காலத்தில் மனசில் பாரம் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"அண்ணாமலை, போன ஆனியில ஒம் பலாமரத்துல ஏழு பழம் காணாமப் போச்சில்ல, அது கொரங்கில்லப்பா. நாந்தேன்."

அண்ணாமலை அந்தக் குரங்குகளைப் பிடிக்க இரண்டு மாதம் மரத்தடியில் காவல் இருந்தவன். ஆனாலும் சாகப்போகிற அண்ணனாயிற்றே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை, மனசு கலங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில்தான் அர்த்தனாரி கண்ணைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் பதறிப்போய், செங்கோடனுக்கு ஒரு கேடும் இல்லை, நூறு வயசு இருப்பான், தான் ஒரு பாட்டுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததாக உண்மையைச் சொன்னான். வாசலில் அழுகை பட்டென்று நின்றது. 

"அப்ப ஏழு பழம்?" என்றான் அண்ணாமலை.

அதற்கப்புறம் மூன்று நாள் அண்ணன் தம்பி சண்டைக்கு மத்தியஸ்தம் செய்வதே அர்த்தனாரிக்கு வேலையாகிவிட்டது. ஒரு பக்கம் அண்ணாமலை, கம்பவுண்டர்தான் நடுவில் நின்று நியாயம் சொல்ல வேண்டும் என்றான். மறுபக்கம் அத்தாயி, நேர்ந்த கிடாவை யார் வெட்டுவது என்று கேட்டாள். கடைசியில் கிடாவை வெட்டி இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடுவது, ஏழு பழத்தை இந்த வருஷக் காய்ப்பில் செங்கோடன் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. காய்ச்சல் இல்லாமலே அர்த்தனாரி இளைத்துப்போனான்.

நாலாம் நாள் செங்கோடன் தனியாக வந்தான். சண்டைக்குத்தான் வந்தான். ஆனால் கம்பவுண்டரின் முகத்தைப் பார்த்ததும் சண்டை மறந்துபோய் வாசல்படியில் உட்கார்ந்து, அப்படி என்ன பாட்டு அது, உயிரை வாங்குகிற பாட்டு என்று கேட்டான். அர்த்தனாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாவாயியைச் சொன்னான். இருபத்தொரு நாளைச் சொன்னான். அவள் வர ஆசைப்படுகிறாளா என்று தெரியாமலே மாசக்கணக்கில் ஒரு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொன்னான். வேறு யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.  பேச்சை மாற்றிக் கடைசி வரியில் மிஞ்சுகிற ஒரு மாத்திரைக்கு வந்தான்.

செங்கோடனுக்கு மாத்திரை புரியவில்லை. ஆனால் இழுப்பது புரிந்தது.

"சொமையத் தூக்கிட்டு மலை ஏறறமுங்க. மூச்சு வாங்குனா நின்னுக்கறம். நிக்கறதும் நடையிலதானுங்க சேத்தி. நீங்க நிக்கவே மாட்டீங்கறீங்க, அதான் இழுக்குது."

அவன் போனபின் அர்த்தனாரி மேசைமேல் கிடந்த சாமை அரிசியை ஒதுக்கித் தள்ளினான். பிறகு காகிதத்தை எடுத்தான். பதினைந்தாம் கட்டத்தில் இருந்த சுரத்தையெல்லாம் அடித்தான். கட்டம் முழுக்க ஒரு கோடு மட்டும் போட்டான். அங்கே வாசிக்கக்கூடாது. நாலு மாத்திரைப் பொழுது சும்மா நிற்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்தபடி பாவாயி நிற்கிற இடம் அதுதான், அங்கே சுரத்துக்கு என்ன வேலை? வாசித்துப் பார்த்தான். நின்று, மூச்சு வாங்கி, கடைசிக் கட்டத்தில் பாட்டு தானாக வந்து இறங்கியது. உபரியாக ஒன்றும் இல்லை. அறுபது மாத்திரை சத்தம், நாலு மாத்திரை மௌனம். அர்த்தனாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இனி அதைப் பாவாயியிடம் சேர்க்க வேண்டும். அவளுடைய தம்பி ராசப்பன் ஹார்மோனியம் வாசிப்பவன், சுரம் எழுதியதைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவன். ஆனால் கலப்பையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்த மகன்மேல் உள்ள கோபத்தில், பாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே மாமனார் துள்ளுவார். கடிதம் அவர் கண்ணில் பட்டாலும் குற்றமில்லாதபடி எழுத வேண்டும். அர்த்தனாரி ஒரு பொழுது முழுக்க யோசித்து, பாட்டு, சங்கீதம், பெட்டி என்று எதுவும் வராமல் சாமர்த்தியமாக எழுதினான்.

"சிரஞ்சீவி ராசப்பனுக்கு, க்ஷேமம். இத்துடன் உள்ளதை அளவு பிசகாமல் உன் அக்காளுக்குக் கொடுக்கவும். ஒரே மூச்சில் அவசரப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு கட்டமாகப் போகவும். கோடு போட்ட கட்டத்தில் ஒன்றும் கூடாது, அதை அவசியம் கவனிக்கவும். முழுவதும் முடிந்தபின், வரச் சம்மதமா என்று அவளைக் கேட்கவும்."

அதோடு, முதல் கட்டத்துக்கு க இரண்டு மாத்திரை, ம ஒன்று, ச ஒன்று, இரண்டாம் கட்டத்துக்கு ம ஒன்று, ச ஒன்று, ரி இரண்டு என்று பதினாறு கட்டத்தையும் முத்து முத்தாக எழுதி உறையில் போட்டான். தபால் இறங்கிப் போன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தபால் வந்தது. அவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. முதல் வாரம், ராசப்பன் பாடம் பண்ணுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டாம் வாரம், பாவாயி வெட்கப்படுகிறாள் என்று சொல்லிக்கொண்டான். மூன்றாம் வாரம் சொல்லிக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நடுங்கிக்கொண்டு வந்த கிழவர் ஒருவருக்குக் கொயினாத் தண்ணிக்குப் பதிலாகக் கால் புண்ணுக்குப் போடுகிற தைலத்தை ஊற்றப்போய், அவர் கையைப் பிடித்துத் தடுத்த பிறகுதான் அர்த்தனாரிக்கு உறைத்தது. இப்படியே இருந்தால் யாரையாவது கொன்றுவிடுவோம் என்று மூன்று நாள் லீவு எழுதிப்போட்டான். நேரிலேயே வாசித்துக் காட்டிவிடுவது, சம்மதமோ இல்லையோ அவள் முகத்திலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினான்.

பெட்டியைச் செங்கோடன் தலையில் தூக்கிக்கொண்டான். தம்பி பலாப்பழத்தைத் தினமும் எண்ணுவதாகவும், இரண்டு நாள் ஊரில் இல்லாமல் இருந்தால் நல்லதென்றும் சொன்னான். மூச்சு வாங்கிய இடத்தில் நின்று, நின்று, இருவரும் மத்தியானத்துக்கு அடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

மாமனார் களத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதுமே அவர் முகம் சுருங்கியது. ராசப்பன் எங்கே என்று அர்த்தனாரி கேட்டான். அவன் நாடகக்காரர்களோடு போய் இரண்டு மாதமாகிறது, எந்த ஊரில் என்ன வேஷம் கட்டுகிறானோ யார் கண்டார்கள் என்று மாமனார் சலித்துக்கொண்டார்.

 அப்படியானால் அந்தப் பாட்டைப் பாவாயி கேட்கவே இல்லை. இருபது நாளாக அவன் பட்ட பாடெல்லாம் பிரிக்காத ஓர் உறையைப் பார்த்துத்தான். ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. மறு நிமிஷம் கதவு நிலையில் பாவாயி வந்து நின்றாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், கன்னம் வற்றியிருந்தது. அவனைப் பார்த்ததும் கண் நிறைந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபின் மாமனாருக்குப் பயப்படவும் அவனுக்கு நேரமில்லை. களத்து மேட்டிலேயே பெட்டியை இறக்கச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, துருத்தியைத் திறந்தான்.

முதல் வரியை மலையில் பழகியபடியே வாசித்தான். பாவாயி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரியில் அவள் ஆள்காட்டி விரல் கதவு நிலையில் தட்டத் தொடங்கியது. அது தாளத்தில் இல்லை. கடிகாரத்தோடும் சேரவில்லை, உலக்கையோடும் சேரவில்லை, செங்கோடனின் நாடியோடும் சேரவில்லை. ஒரு நிமிஷம் அர்த்தனாரி திண்டாடினான். பிறகு, இது யாருக்காகக் கட்டிய பாட்டு என்று யோசித்தான். கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அவள் விரல் போகிற போக்கில் வாசித்தான். நொண்டினால் நொண்டட்டும் என்று தோன்றியது. அத்தனை நாள் ஏக்கமும் அந்த நாலு சுரத்தில் ஏறி வந்தது.

பதினைந்தாம் கட்டத்தில் கையை எடுத்தான். பாவாயி விரலிலிருந்து பார்வையை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு மாத்திரை அப்படியே போயிற்று. பிறகு கடைசிக் கட்டம்.

பாட்டு முடிந்ததும் அவள் படியிறங்கி வந்தாள். அவன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

"நா வாரேனுங்க. இன்னைக்கே மலைக்கு வாரேன்" என்றாள். களத்தில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள். மெதுவாகப் பேசியே பழகிய பெண், அப்பன் எதிரில் அத்தனை சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மாமனார் கடலைக்கொடியைக் கீழே போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், மகளைப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "பத்து நாளா நாஞ் சொல்றது ஒண்ணும் இவ காதுல ஏறலீங்க மாப்பிள்ளை. இனிமேலா ஏறப்போகுது? கூட்டிட்டுப் போங்க."

அர்த்தனாரிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை மாதம் பேச்சால் ஆகாததைப் பதினாறு கட்டம் சாதித்துவிட்டது. செங்கோடன்கூட ஒரு மாதிரி மரியாதையோடு பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அர்த்தனாரி பாவாயியிடம் குனிந்து, பாட்டு எப்படி இருந்தது என்று மெல்லக் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, ஆமாங்க என்று சொல்லிவிட்டு மூட்டை கட்ட உள்ளே ஓடினாள்.

ராசப்பனின் மனைவி அம்சவேணி மோர் கொண்டுவந்தாள். நாத்தனாரான பாவாயியை நங்கை நங்கை என்று சுற்றி வருகிற சின்னப் பெண். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அர்த்தனாரி மோரை வாங்கிக்கொண்டு, பெருமை அடங்காமல் அவளையும் கேட்டுவிட்டான்.

"ஏம்மிணி, நம்ம பாட்டைக் கேட்டுத்தானே உங்க நங்கை வாரேன்னு சொன்னா?"

"பாட்டையா? நங்கைக்குப் பத்து நாளாக் காதே கேக்கறதில்லீங்களே அண்ணா."

மோர்ச் சொம்பு அவன் கையிலேயே நின்றுவிட்டது. கேட்காத பாட்டுக்கு எப்படி வந்தாள்?

அம்சவேணி மாமனார் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு பேருக்கு வந்த கடுதாசிய மாமனுக்குத் தெரியாம நாந்தானுங்க படிச்சுச் சொன்னேன். பின்ன காது கேக்குமுங்களா, மலைக்கு வாரதுக்கு முந்தித் திங்கச் சொல்லி நீங்க எழுதி அனுப்புன அறுபது மாத்திரையையும் தபாலாபீசுல கொயினாவா வாங்கி, கட்டத்துக்கு ஒரு நாளா, க-ன்னா காலையில, ம-ன்னா மத்தியானம், ச-ன்னா சாயந்திரம், ரி-ன்னா ராத்திரின்னு ஒண்ணு விடாம முழுங்கி, கோடு போட்ட அன்னைக்குப் பச்சத் தண்ணிகூடக் குடிக்காம கெடந்தாங்கல்ல?"